ஒண்ணாந்தேதி கேறுதல்

மாதப் பிறப்பன்று காலையில் எந்த வெளியாள் முதலில் வீட்டுப்படி ஏறுகிறாரோ, அவருடைய ராசிதான் அந்த மாதம் முழுக்க அந்த வீட்டுக்கு என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த ராசிக்காரி நான்தான். இருபது வருடத்துக்குக் குறையாது. புதிதாகக் குடிவந்தபோது ஒரு ஒண்ணாந்தேதி தற்செயலாக ஏறினேன். அந்த மாதமே அவள் புருஷனுக்குக் கல்ஃப் விசா வந்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சிரித்தேன். அவள் கேட்கிற ஆளில்லை.

முந்தின நாள் சாயங்காலமே மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிடுவாள். "மைனி, நாளைக்கு ஒண்ணாந்தேதியாக்கும். காலையில வந்து கேறணும்." குளித்து, ஈரத்தலையோடு போய் ஏறுவேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவள் கூப்பிடவில்லை. தாலி போனவளை யார் கூப்பிடுவார்கள்? அதை அவள் வாயால் சொல்ல வைக்கக்கூடாதென்று நானே காலண்டரைப் பார்த்து, ஒண்ணாந்தேதிகளில் மதில் பக்கம்கூடத் தலைகாட்டாமல் இருந்தேன். அதுவரை நான் தேதி பார்த்ததே இல்லை. எனக்காகப் பார்க்க அவள் இருந்தாள்.

ஐந்தாவது மாதம். காலண்டர் தாளில் தமிழ்த் தேதி இரண்டு என்று பார்த்துவிட்டு, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். படியில் ஒரு காலை வைத்திருப்பேன். உள்ளேயிருந்து வந்தவள் முகம் வெளுத்துவிட்டது.

"அங்ஙனயே நில்லுங்கோ மைனி. இன்னைக்குத்தான் எங்களுக்கு ஒண்ணு."

அவள் குழித்துறைப் பக்கத்துக்காரி. அந்த வீட்டில் மலையாளக் கணக்கு. சில மாதங்களில் தமிழ் மாதம் ஒருநாள் முந்திப் பிறந்துவிடும், மலையாள மாதம் மறுநாள்தான் பிறக்கும். இத்தனை வருடம் அந்த வீட்டில் ஏறியும் எனக்கு இது தெரியாது.

காலைக் கீழே எடுத்துவிட்டு முற்றத்தில் நின்றேன். கிண்ணம் கையைச் சுட்டது. அந்நேரம் பால்காரர் வந்தார். அவரைக் கெஞ்சி உள்ளே ஏறச் சொன்னாள். பாலில் பாதி தண்ணீர் ஊற்றுகிற மனிதர். அவர் கால் போதுமாயிற்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் இறங்கிப் போனதும், "இனி வாங்கோ மைனி" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டை விட்டால் வாய்விட்டுப் பேச எனக்கு வேறு வீடில்லை. ஏறினேன். அவள் தந்த சாயாவைக் குடித்தேன். நன்றாக இருக்கிறதென்றும் சொன்னேன்.