வெயிலில் நின்ற நடிகர்

பினாங்கில் பிறந்து, முப்பது வருடம் கப்பல் எஞ்சினோடு மல்லுக்கட்டி, ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் வந்து ஒதுங்கியவர் கிளமென்ட். பேச்சென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. 1996 ஜூலையில் வந்த பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. ‘ஊ’ என்ற ஒரு சத்தம்தான் மிச்சம்.

ஆயுளில் அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒரே ஒரு பொருள். கோபே துறைமுகத்தில் வாங்கிய பழைய ஜப்பானியப் படம், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. ஊதா அங்கி போட்ட நாடக நடிகர் ஒருவர் கண்ணை உருட்டி முறைத்துக்கொண்டு நிற்பார். வெயில் பட்டால் அந்த ஊதா நிற்காது என்று கடைக்காரர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வீட்டின் இருட்டு நடையிலேயே மாட்டியிருந்தார்.

சிட்னியிலிருக்கும் மகள் திலகா, அவரைப் பார்த்துக்கொள்ள விக்னேஸ்வரியை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். யாழ்ப்பாணத்துக்காரி, தங்கமான மனுஷி. அதுதான் வினை. இரண்டாம் வாரமே படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டாள்.

“எங்கட ஊர்க் கோயில் வைரவர் மாதிரியே இருக்கிறார் ஐயா. காலமை இவற்ற முகத்தில முழியுங்கோ, வருத்தமெல்லாம் பயந்து ஓடிடும்” என்று ஜன்னல் திரையைச் சர்ரென்று விலக்கினாள். தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும்; அது நேரே நடிகரின் மேல் விழுந்தது.

“ஊ! ஊ!” இடது கையை ஆட்டினார் கிளமென்ட்.

“ஓம் ஐயா, உங்கட சந்தோசம் எனக்கு விளங்குது.” திரையை இன்னும் விலக்கினாள்.

தினமும் இதே கதைதான். இடது கையால் எழுதிக்காட்டப் பார்த்தார். எழுத்தும் பேச்சோடு போயிருந்தது. கிறுக்கலைப் பார்த்து, “நல்ல வடிவு” என்றாள். ஊட்டுவதும் துடைப்பதும் அவள்தான், கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நவம்பரில் ஊதா சாம்பலானது. டிசம்பரில் துணி அலசிய தண்ணீர் மாதிரி ஆனது. எல்லாம் அவர் கண்ணெதிரே.

கிறிஸ்மஸுக்கு வந்த திலகா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். “அக்கா, யாரு இத இங்க மாட்டினது? வெயில் பட்டா கலர் போயிடும்னு அப்பா யாரையும் தொடக்கூட விடமாட்டாரே!”

“திரும்ப வராதோ?”

“வராதுக்கா.”

விக்னேஸ்வரி கட்டிலோரம் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். “நாலு மாசமா வேண்டாம் எண்டுதானே கத்தினனீங்கள் ஐயா. பாவி, எனக்கு விளங்கேல்லையே.”

அவள் அழுவதைக் கிளமென்டால் தாங்க முடியவில்லை. போனால் போகிறது, படம்தானே, நீ அழாதே அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“ஊ” என்றது வாய்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள்.