காற்றுக் குழாய்க்குள் ஒரு துணித்துண்டு

அந்தத் துணி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கடுகு மஞ்சள் நிறம். காரின் காற்றுக் குழாயிலிருந்து நான் அதை இழுத்து எடுத்தபோது பாதிக்கு மேல் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. எங்கள் ஊரில் இதைப் பனியன் வேஸ்ட் என்போம். கட்டிங் மேசையில் மிஞ்சுகிற துண்டுகள். கை துடைக்க, வண்டி துடைக்க என்று திருப்பூரில் எல்லா வீட்டிலும் ஒரு பை நிறையக் கிடக்கும். எத்தனை எடுத்தோம், எத்தனை போட்டோம் என்று யாரும் பார்ப்பதில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் பானெட்டைத் திறந்து உட்கார்ந்தேன். இந்த ஊர்க் காற்றில் பஞ்சு பறப்பதால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஃபில்டரைத் தட்டி, இன்ஜினுக்குக் காற்று போகும் பெரிய ரப்பர் குழாயையும், இன்ஜினின் எண்ணெய்ப் புகையை அதில் கொண்டுவந்து விடுகிற சின்ன ப்ரீதர் குழாயையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசினேன். கை விட்டால் பிசுபிசுவென்று கரி ஒட்டியது. உள்ளே ஈரம் நிற்கக் கூடாதென்று துணிகளைச் சுருட்டித் திணித்து வெயிலில் வைத்தேன். “மெக்கானிக்கம்மா, டீ குடிச்சுட்டு வேலையப் பாருங்க. லேபர் சார்ஜ் ஏதும் உண்டுங்களா?” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மாட்டி முடுக்கினேன். ஸ்டார்ட் செய்தபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது.

மறுநாள் மகள் காரை எடுத்தாள். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீரபாண்டியைத் தாண்டி, ஒரு பஸ்ஸை முந்த அவள் வேகம் கூட்டியிருக்கிறாள். குழாய்க்குள் கிடந்த துணியைக் காற்று இழுத்துப் போய் இன்ஜின் வாயில் அடைத்திருக்க வேண்டும். நடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் துணி ரோல் ஏற்றி வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் நின்றதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு வந்த போனில் பேச்சே இல்லை. ஹாரன் சத்தமும் அவள் மூச்சும் மட்டும். இன்றைக்கும் தெருவில் லாரி ஹாரன் கேட்டால் போன் எங்கே என்று என் கை தேடுகிறது.

காரைக் கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார்கள். யாரும் இல்லாத நேரத்தில் குழாயைக் கழற்றினேன். துணி இருந்தது. எடுத்துவிட்டு மாட்டினேன், வண்டி ஓடியது. “ஏதோ அடைப்பு, சரியாயிருச்சு” என்று சொல்லி முடித்துக்கொண்டேன். மகளோ, “நாந்தாம்மா கிளட்ச்ச ஒழுங்கா உடல. இனி வண்டியத் தொடமாட்டேன்” என்றாள். “லைசென்ஸ் குடுத்தவரு கண்ண மூடீட்டுக் குடுத்துட்டாராட்ட இருக்குது கண்ணு” என்று அவள் அப்பா கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்துதான், முன்பு எங்கள் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த ஒரு டெய்லர் அக்கா என் நினைவில் விடாமல் வருகிறார். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஊசிப் பதிவேடு என் பொறுப்பு. தையல் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தால் அந்த லைனே நிற்கும். இதற்குப் பயந்து, காணாத துண்டுக்குப் பதிலாக ஒட்டிக் காட்ட, சிலர் பழைய முனை ஒன்றைப் பொட்டு டப்பியில் ஒளித்து வைத்திருப்பார்கள். டெய்லர் அக்கா திருநெல்வேலிப் பக்கம். சில வருடங்களுக்கு முன், குழந்தைச் சட்டை ஒன்றின் ஷிப்மென்ட் அன்று, “மேடம், ஊசி ஒடிஞ்சிட்டு. முனையக் காணல” என்று அவரே எழுந்து சொன்னார். “கண்ண எங்கக்கா வெச்சிருந்தீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். பக்கத்து மிஷின்காரி, “எங்கிட்டக் கேட்டிருந்தா ஒண்ணு குடுத்திருப்பேன்ல” என்று முணுமுணுத்தாள். அக்கா திரும்பி, “பச்சப்புள்ள போடுத சட்டைல்லா? ஒட்டிக் குடுத்துட்டுப் போனா எனக்கு ஒறக்கம் வருமா?” என்றார். மூன்று மணி நேரம் கழித்து ஒரு கழுத்துப் பட்டியின் மடிப்புக்குள் முனை கிடைத்தது. நான் நன்றி சொல்லவில்லை. உற்பத்தி கெட்டதற்கு அவர் பெயரில் வார்னிங் எழுதினேன். அடுத்த வருடம் அவர் ஊருக்கே போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, நேற்று மாலை, பஸ்ஸில் இடிபட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகளிடம் சொன்னேன். “சாமி, அன்னைக்கு வண்டி உன்னால நிக்கல. நான் குழாய்க்குள்ள துணிய எடுக்காம மறந்து உட்டுட்டேன்.”

கோபப்படுவாள் என்று நினைத்தேன். “அப்ப நான் சரியாத்தான் ஓட்டுனனா?” என்று கேட்டாள்.

“சரியாத்தான் கண்ணு ஓட்டுன.”

கழற்றிய செருப்பை ஓரமாக வைத்தபோதுதான் அவள் முகம் மாறியது. “மூணு வாரமா சொல்லலியாம்மா?”

“அப்பாகிட்டயும் நீயே சொல்லிரு. எங்கிட்டச் சொன்ன மாதிரியே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. டீ போடும் சாக்கில் நான் சமையலறைக்குள் நழுவியிருக்கலாம். நான் வாசலுக்குப் போனேன்.