மா பூசிய நரை

இது நடந்தது. பொய் எழுதிய மாணாக்கரை முப்பது ஆண்டுகள் வகுப்பு வாங்குப்பலகையில் ஏற்றி நிறுத்திய நான், ஓய்வு பெற்றபின் பொய் எழுதத் தொடங்கவில்லை. பேயாவது பிசாசாவது என்று பல்லிளிப்போர் இதனை மூடிவைத்துவிட்டுப் போகலாம்.

1936ஆம் ஆண்டு, இணுவில். நான் இயற்றிய நாடகமொன்றை எங்கள் சபையார் மேடையேற்றவிருந்தனர். அதில் கதாநாயகனின் தாய்க்கு வயது அறுபது. அவ்வேடத்தைக் கேட்டு உடுவில் தங்கமுத்து வந்தாள். இருபது ஆண்டுகள் இப்பகுதிக் கொட்டகைகளில் அரசியாக நடித்தவள். முகத்தில் சுருக்கம் விழுந்தபின் அவளை எவரும் அழைக்கவில்லை.

சபைச் செயலாளர் மார்க்கண்டு சிரித்தார்.

“உனக்கு இனியென்ன வேசமெணை? வீட்டிலை கண்ணாடி இல்லையே?”

“தாய் வேசம்தானே தம்பி கேக்கிறன். குமரி வேசமே கேட்டனான்?”

“கிழவியாய் வாறதுக்கும் குமரிதான் வேணும். நரையெண்டால் மாவைப் பூசலாம். சுருக்கத்தை எதாலை அழிக்கிறது?”

எல்லாரும் சிரித்தனர். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் சொல்லுங்கோ வாத்தியார். ஒருக்கால் ஏறிப்போட்டு இறங்கிறன். வேறையொண்டும் கேக்கேல்லை.”

நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “சபை தீர்மானிச்சால் தீர்மானிச்சதுதான்” என்றேன்.

வேடம் பாலேஸ்வரிக்குப் போயிற்று. சாவகச்சேரிப் பெண், வயது இருபத்திரண்டு.

நாடக இரவு. மணி எட்டரை. வேடம் புனையும் தென்னங்கிடுகு மறைப்புக்குள் வெள்ளைச் சேலை உடுத்த ஒருத்தி முதுகைக் காட்டி அமர்ந்திருந்தாள். தலை முழுவதும் நரை.

“நல்லாய்ப் பூசியிருக்கிறாய் பிள்ளை” என்றேன்.

அவள் திரும்பவில்லை.

ஒன்பதரைக்குத் தாய் மேடையேறினாள். ஆர்மோனியக்காரர் திடுக்கிட்டுச் சுருதியை இறக்கினார். ஒத்திகையில் கேட்ட குரலன்று அது. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அவளுடைய கைகளைக் கண்டேன். மா பூசியது தலைக்குத்தானே... புறங்கையில் நரம்புகள் புடைத்திருந்தன.

இறந்த மகன்மேல் விழுந்து புலம்பும் இறுதிக் காட்சி. அதற்கு நான் முதலில் நாற்பது அடிகள் எழுதியிருந்தேன். கிழவியின் அழுகையை யார் கேட்பார் என்று எட்டாகக் குறைத்தேன். மிகுதியை எவருக்கும் காட்டாமல் எரித்துவிட்டேன்.

எட்டாம் அடி முடிந்தது.

அவள் நிறுத்தவில்லை.

ஒன்பதாம் அடி... பத்தாம் அடி...

நான் எரித்த அடிகள்.

கொட்டகை விம்மியது. திரை விழுந்தது. மணி பத்து. உள்ளே ஓடினேன்.

ஒருவரும் இல்லை.

வாயிலில் மாட்டுவண்டியொன்று வந்து நின்றது. பாலேஸ்வரி மூச்சிரைக்க இறங்கினாள்.

“றெயில் பிந்திப்போச்சுது ஐயா. நாடகம் தொடங்கியிட்டுதே?”

வேடம் கலைத்து வீட்டுக்குப் புறப்படுகிறாள் என்றெண்ணிச் சனங்கள் அவளைச் சூழ்ந்து ஆர்ப்பரித்தனர். மார்க்கண்டு மாலையை என் கையில் திணித்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மாலையை அவள் கழுத்தில் இட்டேன்.

தங்கமுத்துதான் களவாக ஏறியிருக்கிறாள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க விடியற்காலை உடுவிலுக்குப் போனேன்.

அவளது வீட்டு வளவில் சாப்பறை ஒலித்தது.

அயல்வீட்டு அருமைநாயகி வெளியே வந்தாள்.

“நேற்றுப் பின்னேரம் மூண்டு மணிக்கே சீவன் போட்டுது வாத்தியார். இராமுழுக்க நாங்கள்தான் பிரேதத்துக்குப் பக்கத்திலை இருந்தனாங்கள்.”

குரலைத் தாழ்த்தினாள்.

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை... பத்து அடிச்சுக் கொஞ்ச நேரத்தாலை, மூடின கண்ணாலை தண்ணி வழிஞ்சது. துடைக்கத் துடைக்க நிக்கேல்லை.”

அந்த நேரத்தில்தான் நான் பாலேஸ்வரிக்கு மாலை இட்டேன்.