பெரிய பாதி, சின்னப் பாதி

பவானிபூரில் நான் வேலை பார்க்கும் மருந்து ஆய்வகத்தில், வலிப்பு மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகளுக்கு வலிப்பு வராமல் நிற்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை.

எனக்கு மேலே இரண்டு பெரியவர்கள்; வங்காள வழக்கப்படி இருவரையும் 'தாதா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். ஒருவர் வரைபடத் தாளில் புள்ளி வைத்து, கண் மதிப்பிலேயே கோடு இழுப்பவர். மற்றவர் கம்ப்யூட்டர் சொல்வதைத் தவிர எதையும் நம்பாதவர். இருவர் விடையும் தசமப் புள்ளிக்குப் பிறகுதான் வேறுபடும். அந்த இத்துனூண்டு வித்தியாசத்துக்காக, மதியச் சோறு ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டுவார்கள். எந்த முறை மேல் என்று ஒப்பிட்டு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இலிஷ் மீனா இறாலா என்று வங்காளிகள் அடித்துக்கொள்ளும் ஊரில் எந்தக் கட்சியிலும் சேராத சைவன், நடுநிலை தவறமாட்டான் என்று நினைத்துவிட்டார்கள்.

அதே மருந்தைத்தான் என் மனைவி சாப்பிடுகிறாள். வலிப்பு வந்து வெகுநாளாயிற்று. ஆனால் மாத்திரை மயக்கத்தில், பள்ளியில் பாடம் நடத்தும்போதே கண் சொருகும். இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான். காலை மாத்திரையை மட்டும் பாதியாக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எந்தக் கணக்கில் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார் மறுபடியும். அதுதான் அவருடைய முறை.

மறுநாள் காலை அவள் காய்கறிக் கத்தியால் மாத்திரையை நறுக்கினாள். ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெறித்தது. தசமத்துக்குச் சண்டை போடும் இடத்தில் சம்பளம் வாங்குகிற நான், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன்.

"எதைப் போட்டுக்கட்டும்? உங்க ரெண்டு தாதாவையும் கேட்டுச் சொல்லுங்க."

"விளையாடாத. மெட்ரோல நானும் கூட வரேன்."

"வேணாம். பாதி எலிக்கு நிக்கும்னு சொன்னீங்களே, மீதிக்கு?"

"வரும்."

"நான் எந்தப் பாதி?"

பெரிய துண்டை விழுங்கி, சின்னதை டப்பாவில் போட்டுவிட்டு, காளிகாட் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனாள்.

ஆய்வகத்தில் இருவரும் என் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக அவளிடமிருந்து செய்தி வந்தது: "முதல் பீரியட் முடிஞ்சுது. தூங்கல. நாளைக்கு அந்தச் சின்னத் துண்டு."

இரண்டு முறையும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒன்று சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டில் டப்பாவுக்குள் இருந்த சின்னத் துண்டு எவ்வளவு சின்னது என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.