இரண்டு விசில்

ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். முன் டயருக்கு ஒரு உதை, பின் டயருக்கு ஒரு உதை. அத்தோடு முடிந்துபோவதில் அவருக்கு ஏமாற்றம்தான். மிச்ச நாலு டயரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டது போலத் தரையை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பெல்லுக்கு ஒரு தட்டு, பிரேக்குக்கு இரண்டு அழுத்து. கடைசியாக வலது கையை உயர்த்தி, தலைக்கு மேலே இல்லாத கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வைப்பார். இத்தனையும் ஒரு சைக்கிளுக்கு. அதுவும் மூத்தோர் கற்றல் மையம் இரவல் கொடுத்த பச்சை சைக்கிள். முன்னால் கூடை வேறு.

"வண்டிய செக் பண்ணாம எடுக்கவே கூடாதுங்க," என்பார்.

"எடுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தானே சார் அந்தக் கவலை," என்பார் பக்கத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழைய பேங்க் மேனேஜர்.

சைக்கிளைச் சுற்றி வந்த நம்மவரோ முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். மையத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். மழையிலும் பனியிலும் மலை வளைவுகளிலும் அறுபது பேரைத் தூங்க வைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு, அறுபத்து மூன்று வயதில், சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவருக்கு மட்டும் வருவதில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன வயதில் வீட்டில் சைக்கிள் இல்லை. பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறினார், டிரைவராகத்தான் இறங்கினார். நடுவில் இரண்டு சக்கரத்துக்கு வேலையே வரவில்லை. வந்த வினையெல்லாம் அண்ணன் வாயால் வந்தது. கல்யாணம் பேசப் போன இடத்தில், "எங்க தம்பி ஓட்டாத வண்டியே கிடையாதுங்க," என்று பெருமையாக ஒரு போடு போட்டார் அண்ணன். பெண்ணுக்குத் தபால் ஆபீசில் வேலை. கடிதம் கொடுத்துவிட்டு அப்போதுதான் பையும் சைக்கிளுமாக வாசலில் வந்து இறங்கியிருந்தாள். "அப்ப நல்லதாப் போச்சு. ஒரு நாள் ரெண்டு பேரும் பெரிய குளத்தச் சுத்தி சைக்கிள்ல போயிட்டு வரலாம்," என்றாள். தம்பி தலையை ஆட்டிவைத்தார்.

அந்தத் தலையாட்டலைக் காப்பாற்றியே முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. எப்போது கேட்டாலும் டூட்டி. டூட்டி இல்லாத நாளில், "நாள் பூரா வண்டி, லீவு நாள்லயும் வண்டியா?" பிள்ளைகள் சைக்கிள் கற்றபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவள் மனைவிதான். இவர் கேட்டருகே நின்று, "கியர மாத்து, கியர மாத்து," என்று யோசனை சொன்னார். கியரே இல்லாத சைக்கிள் அது. பிள்ளைகளும் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்பா வேடிக்கைக்காகச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டு.

ரிட்டயர் ஆனதும் டூட்டி போய்விட்டது. கொஞ்ச நாள் இடுப்பு வலி கைகொடுத்தது. கொஞ்ச நாள் வெயில். பிறகுதான் அவள் முழங்கால் கெட்டது. இத்தனை வருஷம் தெருத் தெருவாக மிதித்த கால். திடீரென்று ஊன்றினால் உயிர் போய் உயிர் வரும். ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் சைக்கிள் ஏறலாமா என்று கேட்டாள். "அத அப்புறம் பார்த்துக்கலாம்மா," என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிப் படியில் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "அப்புறம் பார்த்துக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அந்தக் குளத்த ஒரு சுத்து சுத்திடணும். நீங்க வரலேன்னா பரவால்ல, நான் தனியாவே போயிட்டு வந்துடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே காலண்டரைப் பார்த்தார். ஒன்பது வாரம் இருந்தது.

நூலகத்துக்குப் பின்னால் பழைய கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்பு அடித்து மையமாக்கியிருக்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் செவ்வாய்க்கிழமைக்கு நேரே இரண்டு வரி. மாடியில் 'கைபேசிப் பயிற்சி'. முற்றத்தில் 'சைக்கிள், தொடக்க நிலை'. வீட்டில் மாடி என்று சொல்லிவிட்டு முற்றத்தில் சேர்ந்தார். அதனால் வாரா வாரம் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. வகுப்பு முடிந்து மாடியிலிருந்து இறங்கும் டைலரைக் குழாயடியில் மடக்குவார். "டைலரே, இன்னைக்கு என்ன பாடம்? சுருக்கமாச் சொல்லுங்க." டைலர் சொல்வதில் பாதி விளங்காது. விளங்கிய பாதியை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வீடு போய்ச் சேர்வார்.

"எங்க, பேத்தி போட்டோவப் பெருசாக்கிக் காட்டுங்க பார்ப்போம்," என்பாள் மனைவி.

"அது அடுத்த வாரம்தான் வருது."

முற்றத்தில் மாணவர்கள் ஐந்து பேர். சொல்லிக்கொடுப்பவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில். அந்த விசிலால்தான் மூன்றாவது வாரம் ஒரு ரகளையே நடந்தது. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. கண்டக்டர் கொடுக்கிற அந்தக் கணக்கு முப்பத்து நாலு வருஷமாகக் காதுவழி இறங்கி அவர் காலில் போய் உட்கார்ந்திருந்தது. பி.டி. டீச்சரோ ஒரு விசிலில் பிள்ளைகளை ஓடவிட்டே பழகியவர். ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி ஒரு விசில் அடித்தார். நாலு பேர் கிளம்பினார்கள். அரை மிதி மிதித்திருந்த நம் டிரைவர், தரையில் இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதித்து நின்றார். பின்னால் வந்த நர்ஸம்மா அவர் கேரியரில் மோத, நர்ஸம்மா மேல் பேங்க் மேனேஜர் மோத, மூவரும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தார்கள். பதறிப்போன டீச்சர் நிறுத்தச் சொல்லி இரண்டு விசில் அடித்தார். அடியில் கிடந்த டிரைவர் அப்படியே பெடலைத் தேடிக் கிளம்பப் பார்த்தார்.

"விசில் அடிச்சா போகணும் சார்," என்றார் டீச்சர், தூக்கிவிட்டுக்கொண்டே.

"ஒரு விசில்தானே டீச்சர் அடிச்சீங்க."

"ஒரு விசில்னா?"

"ஸ்டாப்பிங்."

டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. இவருடைய கால் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வாரம் இழுபறிக்குப் பிறகு ஒரு சமாதானம் வந்தது. மற்றவர்கள் ஒரு விசிலில் போய்விடுவார்கள். அவர்கள் பாதி முற்றம் போனதும், இவருக்கென்று தனியாக இரண்டு. "ரைட்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்புவார்.

கிளம்பிவிட்டால் ஓட்டம் மோசமில்லை. திருப்பம்தான் பார்க்கத் தக்கது. வேப்பங்குச்சி அகலத்துக்கு ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு, முற்றத்தின் மூலையில் நெடுஞ்சாலை அகலத்துக்கு வளைவார். "எதுக்கு சார் அவ்வளவு சுத்து?" என்று டீச்சர் கேட்டால், "பின்னாடி வண்டியோட பாடி வருதுல்ல," என்பார். வரவில்லை என்று ஒருநாள் டீச்சர் திரும்பிப் பார்க்கவே சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்து விழுந்தார்.

உண்மையான தகராறு கையில். ஒரு கையை எடுத்துச் சைகை காட்டினால்தான் தேர்ச்சி. பஸ்ஸில் அவர் வலது கை பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். மெதுவா வா, முந்திப் போ, பொறு, பள்ளம் இருக்கு என்று பின்னால் வருகிறவர்களோடு அந்தக் கை பேசிக்கொண்டே போகும். இங்கே அதே கை ஹேண்டில்பாரை விட மறுத்தது. விரலைப் பிரித்தால் போதும், முன்சக்கரம் ஆடும்.

"கைய எடுங்க டிரைவர் சார்."

"எடுத்தா போயிடுவேன் டீச்சர்."

வீட்டில் வேறு விசாரணை. "போன் கிளாஸ்ல முட்டி எப்படிங்க தேயும்?" என்று கேட்டாள் மனைவி. மாடிப்படி என்றார். சரி என்று மருந்து போட்டுவிட்டாள். முழங்கை தேய்ந்ததற்கும் மாடிப்படியே பொறுப்பேற்றது. ஆறாவது வாரம், அவர் பேண்ட்டின் வலது கால் ஓரத்தில் கறுப்பாக ஒரு பசை இருந்தது. செயின் மை. முப்பது வருஷம் தன் உடுப்பில் அதைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தவளிடம் அதற்கு என்ன மாடிப்படியைச் சொல்வது? அவள் பேண்ட்டை வாங்கித் துவைக்கப் போட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை இஸ்திரி போட்ட பேண்ட்டை எடுத்தார். வலது கால் ஓரம் மட்டும் அழகாக மடித்து, ஊக்கு குத்தியிருந்தது. செயினில் படாத உயரத்துக்கு.

கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷப் பாரம் இறங்கியதில் நெஞ்சு லேசாகி, கண் கலங்கிவிட்டது. அடுப்படியில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போன் கிளாசுக்குப் போயிட்டு வர்றேன்," என்றார்.

"பார்த்து, மாடிப்படி," என்றாள் அவள்.

கடைசி வகுப்பில் பரீட்சை. பேங்க் மேனேஜர் ஒரு கையை எடுத்து, பெருமை தாங்காமல் இரண்டாவதையும் எடுக்கப் பார்த்தார். நர்ஸம்மா பாஸ். டிரைவர் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் கை வரவில்லை. டீச்சர் அவர் பெயருக்கு எதிரே 'கிட்டத்தட்ட' என்று எழுதினார். சான்றிதழ் நாலுதான் கொடுத்தார்கள். ஆபரேஷன் வரும் திங்கட்கிழமை.

"லைசென்ஸ் இல்லாம வண்டிய ரோட்டுக்கு எடுத்ததே இல்ல டீச்சர்," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. முகம் வாடித்தான் இருந்தது.

குளத்துக் கதையை அவர் வாயால் முன்பே கேட்டிருந்த டீச்சர், பச்சை சைக்கிளை அவர் பக்கம் தள்ளிவிட்டார். "சனிக்கிழமை எடுத்துட்டுப் போங்க. குளத்துக் கரைல உங்ககிட்ட யாரு லைசென்ஸ் கேக்கப் போறா?"

சனிக்கிழமை காலை பெரிய குளத்தின் கரையில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. ஒன்று பச்சை. ஒன்று அவளுடைய பழைய தபால் சைக்கிள், சிவப்பு போய் முக்கால்வாசி இரும்பு நிறமாகியிருந்தது. அவர் சுற்றி வந்து முன் டயரை உதைத்தார். பின் டயரை உதைத்தார். தரையைப் பார்த்தார்.

"ரெண்டுதாங்க," என்றாள் அவள்.

"தெரியும்," என்றார்.

"நீங்க முன்னாடி போங்க. நான் மெதுவா பின்னாடி வர்றேன்."

ஏறி உட்கார்ந்தார். இடது கால் தரையில், வலது கால் பெடலில். இல்லாத கண்ணாடியைத் திருப்பி வைத்தார். அப்படியே இருந்தார். கால் மிதிக்கவில்லை. டீச்சர் இல்லை, விசில் இல்லை. இந்தக் கூத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நெற்றி வேர்த்தது. முப்பத்தாறு வருஷம் டிரைவரோடு குடும்பம் நடத்தியவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை போலும். பின்னாலிருந்து பெல் அடித்தது. ஒன்று. பிறகு இன்னொன்று.

"ரைட்," என்றார்.

வண்டி கிளம்பியது. முதலில் கொஞ்சம் ஆட்டம், பிறகு நேர். இடதுபுறம் தண்ணீர், வலதுபுறம் புல். பின்னால் அவளுடைய செயின் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடாமல் இருக்கிறதா என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு மிதித்தார். கேட்டுக்கொண்டிருந்ததில் பயப்பட மறந்துபோனார். முதல் திருப்பத்தில் வழக்கம்போல ஊர் அகலத்துக்கு வளைந்தார். பின்னால் வந்தவளுக்கு இடம் தாராளமாக இருந்தது.

பாதிக் குளம் தாண்டி இரண்டாவது திருப்பம். திரும்பியதும் எதிரே நாலு வாத்து, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் பாதையைக் கடந்துகொண்டிருந்தன. புதர் மறைப்பதால் பின்னால் வருகிறவளுக்கு அவை தெரியாது. திடீரென்று பிரேக் போட்டால் அவள் அந்தக் காலைத்தான் ஊன்றியாக வேண்டும்.

டிரைவரின் வலது கை ஹேண்டில்பாரை விட்டது. இல்லாத ஜன்னலுக்கு வெளியே முழுசாக நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழுமாக, மெதுவா, மெதுவா என்று பின்னால் வரும் வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.