அப்ப நான் வரேன்

எங்கள் பல் லேபில் அவளுக்கு மெழுகு என்று பேர். பல் செட்டுக்கு முதலில் மெழுகில் ஈறு செய்து, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பது அவள் வேலை. வேலையை வைத்து வைத்த பேர்தான், குணத்தை வைத்து இல்லை. முன்பல் மயிரிழை கோணினாலும் கழற்றி மறுபடி வைப்பாள். டாக்டர் போனில் அவசரப்படுத்தினால், "அப்ப நீங்களே வந்து வச்சுக்குங்க" என்று போனை வைத்துவிடுவாள். லேபுக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு ரேடியோ, உள்ளே தாழ்ப்பாள் போட்டால் யாரும் தட்டாத கதவு. அந்தக் கதவைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை.

அப்பேர்ப்பட்டவள் அக்காவின் முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பு.

அத்தானுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்திருந்தது. இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவளும் கூட வந்துவிட வேண்டும் என்று அக்கா ஓயாத நச்சரிப்பு. நேரில் போய் முடியாது என்று சொல்லிவிடுவது என்று இவள் கிளம்பினாள். அக்காவும் அத்தானுமோ தங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த ஸ்பானிஷ் ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

பூப்போட்ட ஓடு, தாழத் தொங்கும் விளக்கு, முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் மேஜைகள். எல்லாரும் மெதுவாகப் பேசுகிற ஸ்டைலான இடம். இவளைச் சுவரோரப் பெஞ்சில் உள்ளே தள்ளி உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அக்கா, எதிரே அத்தான். பயேயா என்று ஒரு சோறு, பெரிய சட்டியோடு வருமாம், சமைக்க வெகுநேரம் ஆகுமாம். அத்தான் அதைத்தான் கொண்டுவரச் சொன்னார். "அதுவரைக்கும் நிதானமா பேசிட்டிருக்கலாம்" என்றார். பேசியது அவர் மட்டும்தான்.

இடையிடையே சொப்புச் சாமான் மாதிரி குட்டித் தட்டுகள் வந்தன. இவள் "அக்கா, நான் யோசிச்சுப் பாத்தேன்..." என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் ஒரு தட்டு வந்து நின்றது. ஆலிவ் காய். பூண்டு எண்ணெயில் இறால். உருளைக்கிழங்கு வைத்த முட்டை அடை. ஒவ்வொன்றுக்கும் சர்வர் ஜாதகமே வாசித்தான். அவன் நகர்ந்தால் அத்தான் பிடித்துக்கொண்டார்.

"உனக்குத் தனி ரூம்மா. பசங்க ரூமை ஒட்டியே இருக்கு, நடுவுல கதவுகூட கிடையாது. ரொம்ப சௌகரியம்!"

"எனக்கு மூச்சே முட்டிடுச்சுடி" என்றாள் மறுநாள் என்னிடம்.

கடைசியில் அக்காவே கேட்டாள். "சுத்தி வளைக்க வேணாம். எங்ககூட வரியா, இல்லையா?"

இப்போதைக்குத் தப்பித்துப் போய், முடியாது என்பதை நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரிக்கா. அப்ப நான் வரேன்."

கிளம்புகிற எவரும் சொல்வதுதான். போறேன் என்று நமக்கு வாயில் வந்தால்தானே? ஆனால் கேட்ட கேள்விக்கு அதுவே பதிலாகிப் போனது. அத்தான் கை தட்டினார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா எழுந்து இவளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள். அதற்குள் அத்தான் வீட்டுக்குப் போன் போட்டு, "சித்தி நம்மகூட வராங்கடா!" என்று சொல்லியாகிவிட்டது. அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகளும் போட்ட கூச்சல் இவளுக்கே கேட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் லேபில் இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பைத்தியக்காரி! இப்பவே போனைப் போடு. அது போய்ட்டு வரேன்னு சொன்ன வரேன், நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்கன்னு சொல்லு" என்று கத்தினேன்.

அவள் கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தாள்.

"அக்கா தப்பா புரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனே. கட்டிப்பிடிச்சப்ப அவ என் காதுல சொன்னா: 'நீ கிளம்புறேன்னுதான் சொன்ன, எனக்குத் தெரியும்டி. இந்த மனுஷனோட அவ்ளோ தூரம் தனியா போக எனக்குப் பயமா இருக்கு. மாத்திச் சொல்லிடாத.'"