ஆறாவது வாசலுக்குப் பின்னால்

அந்தக் குழுவில் அவளுக்குக் கண்ணாடி என்று பெயர். எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டார்கள். மற்றபடி அவளுக்கு ஐம்பது வயது என்பதோ, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக லென்ஸ் அரைக்கிறாள் என்பதோ அங்கே ஒருவருக்கும் தெரியாது.

குழுவின் பெயர் ‘பழசா புதுசா’. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர், அடுத்து எதை ஆடலாம் என்று கேட்பதும், சொல்வதும், சண்டை போடுவதுமாகப் போனுக்குள் குடித்தனம் நடத்தும் இடம்.

“புதுசுல என்ன இருக்கு? புல்லு ஆடுது, தண்ணி மின்னுது. கதை எங்கடா?” என்று ஆரம்பிப்பார் பத்துச்சக்கரம். சரக்கு லாரி ஓட்டுகிறவர்.

“அண்ணே, உங்க காலத்து கேம்ல ஆளோட மூஞ்சியே நாலு கட்டம். அதைப் பார்த்து எப்படிண்ணே அழறது?” என்பான் வைத்தியர். அவன் வைத்தியம் பார்ப்பது பழைய கேம் மெஷின்களுக்கு.

“நாலு கட்டத்தைப் பார்த்து அழுதவன்டா நான்! உனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கறதே பேட்டரி.”

இந்தக் கூச்சலுக்கு நடுவே கண்ணாடி இரண்டு வரி எழுதுவாள். “எழுத்து பொடி. நாப்பது தாண்டினவங்க தொட வேண்டாம். காட்சி ரொம்பச் சுத்துது, தலைவலி நிச்சயம்.” அக்கா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சத்தியமாகச் சொன்னால் அவளுக்கு கேம் என்றாலே ஆகாது. ஒரு காலத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும். அவள் அங்கே போய் உட்கார்ந்தது ஒரே ஒருத்திக்காக. குழுவில் அரைத்தூக்கம் என்ற பெயரில் இருந்த அந்தப் பெண் அவள் பெற்ற மகள்.

மகள் வேறு ஊரில் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வெச்சிடறேன். நாலு நிமிடம் தாண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை வந்தவள், போனை மேசை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். திரையில் அந்தக் குழு திறந்து கிடந்தது. யாரோ ஒரு லாரிக்காரரோடு தன் மகள் பக்கம் பக்கமாகப் பேசிச் சிரித்திருப்பதை அந்தத் தாய் பார்த்தாள். என்னிடம் நாலு நிமிடம், எவனோ ஒருவனிடம் நாற்பது பக்கமா! பெற்ற வயிறு எப்படித் தாங்கும்? அடுத்த வாரமே கையடக்க கேம் மெஷின் ஒன்றை வாங்கினாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தூள் ஒட்டிய விரல்களோடு, குதிக்கவும் ஓடவும் சுடவும் கற்றுக்கொண்டாள். செத்துச் செத்துப் பிழைத்துக் கற்றுக்கொண்டாள்.

மகள் கண்ணாடி அக்காவிடம் பேசினாள். நிறையப் பேசினாள். எந்த கேமில் சிரித்தாள், எதைப் பாதியில் விட்டாள், எந்த நாளில் வேலை முடிந்து அறைக்கு வந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது வரைக்கும். மகளுடைய மனசு அந்தத் தாய்க்கு வேறு ஒருத்தியின் பெயரில்தான் கிடைத்தது. அதையும் இரண்டு கையால் ஏந்திக்கொண்டாள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஒன்றாம் தேதி, அரைத்தூக்கம் எழுதினாள்:

“சின்ன வயசுல ஆடின ஒரு கேம். பேர் தெரியாது. ஒரு பொண்ணு லாந்தர் எடுத்துக்கிட்டு வாசல் வாசலா போவா. மொத்தம் ஆறு வாசல். ஆறாவதை என்னால திறக்கவே முடியல. எங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து சிரிப்பார், வழி மட்டும் சொல்ல மாட்டார். அப்புறம் அப்பா போயிட்டார். கம்ப்யூட்டரை எங்கம்மா பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. அந்த வாசலை ஒரே ஒரு தடவை திறந்துட்டா போதும். யாருக்காவது தெரியுமா?”

பின்னறையில் அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த லென்ஸ் விளிம்பு கடந்து அரைபட்டு வீணாயிற்று.

அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த கேம் எந்தக் கடையிலும் விற்றதில்லை. கட்டட அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்த அவள் புருஷன், வேலை முடிந்து வந்து, ஒன்றரை வருடம் உட்கார்ந்து தன் மகளுக்காகத் தானே செய்தது அது.

“கடையில வாங்கினதுன்னே சொல்லு” என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். “நான் பண்ணதுன்னு தெரிஞ்சா எனக்காக நல்லாருக்குன்னு சொல்லிடுவா. அவ நிஜமா என்ன நினைக்கிறான்னு எனக்குத் தெரியணும்.”

ஒன்பது வயதுக் குழந்தையும் நிஜத்தைத்தான் சொன்னது. “அப்பா, மூணாவது வாசல் செம போர்.” மனுஷன் முகம் ஒரு விநாடி விழுந்து எழும். நாலு நாள் கழித்து, “கடைக்காரர் புதுசா மாத்திக் குடுத்தார்டா” என்று அதே கேமைத் திருத்திக் கொண்டுவந்து போடுவார். மகள் கைதட்டுவாள். அடுக்களையிலிருந்து பார்க்கிற இவள், இரண்டு பைத்தியம் என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

மூன்று நாள் காய்ச்சல். மனுஷன் போய்விட்டார்.

அதன் பிறகு குழந்தை அந்தக் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை. சாப்பாடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஆறாவது வாசல் முன்னால் உட்கார்ந்து டக் டக் டக்கென்று கீயை அடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு வயதில் தாலியறுத்தவளுக்கு அந்தச் சத்தம் மண்டைக்குள் ஆணி அடிப்பது போல இருந்தது. ஒரு சனிக்கிழமை மகள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், தெருவில் போன பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தாள். டிஸ்க்குகள் இருந்த பெட்டியையும் சேர்த்து. ஈரத்தலையோடு வந்து காலி மேசை முன் நின்ற குழந்தை அழவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான். நாலு நிமிடத்துக்கு மேல் இன்னும் திறக்கவில்லை.

இப்போது அந்தக் குழந்தை ஊரெல்லாம் கேட்கிறது. தாய் என்ன செய்திருக்க வேண்டும்? பயந்தவள் செய்வதைத்தான் அவள் செய்தாள். கண்ணாடி என்ற பெயரில், ஒன்றும் தெரியாதவள் போல ஒரு கேள்வி கேட்டாள்.

“எழுத்து எப்படி இருந்துச்சு? பொடியா, பெருசா?”

“ரொம்பப் பெருசு அக்கா. எனக்குக் கண் சரியா தெரியாதுன்னு யாரோ தெரிஞ்சு செஞ்ச மாதிரி.”

அதைப் படித்துவிட்டுப் போனை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

குழு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியது. இதுவா, அதுவா என்று நாற்பது ஐம்பது பழைய கேம்களின் பெயர்கள் வந்தன. எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஆடிப் பார்த்தாள் அரைத்தூக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “இது இல்ல.”

“மனசு விடாதம்மா” என்று எழுதினார் பத்துச்சக்கரம். “பழைய கேம் சாகாது. உலகத்துல எவனாவது ஒருத்தன் ஒரு காப்பி வெச்சிருப்பான்.”

அந்த நல்ல மனுஷனின் வார்த்தை, மகளுக்கு மருந்தாகவும் தாய்க்கு விஷமாகவும் இறங்கியது.

இடையில் கண்ணாடி தன் மகளுக்கு ஒரு புது கேமைச் சிபாரிசு செய்தாள். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் காவல்காரரின் கதை. கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான். ஆடி முடித்த மகள், “கடைசிக் காட்சியில வாய்விட்டு அழுதுட்டேன் அக்கா. ரொம்ப நாளைக்கப்புறம்” என்று எழுதியிருந்தாள்.

ஐந்தாவது மாதம் வைத்தியர் ஒரு செய்தி கொண்டுவந்தான். தொலைதூர ஊரில் ஒரு கிழவரிடம் பெயர் எழுதாத டிஸ்க்குகள் முந்நூறு இருக்கின்றனவாம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் பத்து நாளாவது ஆகும். ஆஸ்பத்திரியில் லீவு கிடையாது என்றார்கள். அரைத்தூக்கம் எழுதினாள்: “வேலையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். இந்தத் தடவை கிடைச்சிடும்னு தோணுது.”

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தாயா, பேயா?

அன்று மதியம் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு மகளை அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. மகள் பதறிப்போய் எடுத்தாள்.

“என்னம்மா? உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல பாப்பா. நீ… அந்த லாந்தர் கேமைத் தேடறியா இன்னும்?”

“உனக்கு யார் சொன்னா?”

“தேடாத கண்ணு. அது எங்கயும் கிடைக்காது. அது உங்கப்பா செஞ்சது.”

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்றரை வருடம், சத்தியம், மூன்றாவது வாசல், பெட்டியோடு போன டிஸ்க்குகள், எல்லாவற்றையும்.

“அப்பாவா?” என்றாள் மகள். குரல் ஒன்பது வயதுக்குப் போயிருந்தது. “போர்னு சொன்னேனேம்மா அப்பாகிட்ட…”

“அதான் அவருக்கு வேணும்னாரு.”

“ஆறாவது வாசல் எப்படித் திறக்கும்? அதாவது தெரியுமா?”

“எதையும் தொடாம ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும். நீ எப்பவும் அவசரமா கீயைத் தட்டுவியாம். அதுக்காக அப்படி வெச்சாரு.”

மகள் விம்மும் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகத் தன் காதுபட அழுகிறாள். தாய்க்கும் கண்ணீர் கொட்டியது. பாறை உடைந்தது, இனி என் குழந்தை என்னிடம் வந்துவிடும் என்று அந்தப் பேதை மனசு ஒரு கணம் நம்பியது.

“திறந்தா? உள்ள என்னம்மா இருந்துச்சு?”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

ஆறாவது வாசலைச் செய்து முடித்த சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. புருஷன் அவளைத்தான் முதலில் கூப்பிட்டு உட்கார வைத்தார். வாசல் திறந்தது. “இப்ப பாரு, இப்பதான் விஷயமே இருக்கு” என்றார். அவள், “அடுப்புல பால் பொங்குது” என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அவர் மெஷினை அணைத்துவிட்டிருந்தார். “நல்லாருக்குங்க” என்று சொன்னாள். அவரும் சிரித்தார்.

இதை எப்படிச் சொல்வது? அழுகிற பிள்ளையிடம் எதையாவது கொடுக்க வேண்டுமே! தவித்த தாயின் வாய், கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தது.

“கடல்… பெரிய கடல் பாப்பா. கரையில ஒரு படகு. அதுக்குள்ள ரெண்டு கப்பு. ஒண்ணுல மட்டும் ஆவி பறக்கும். இன்னொண்ணு… இன்னொண்ணு உனக்காக வெச்ச மாதிரி.”

விம்மல் நின்றது.

“அம்மா, இது அந்தக் காவல்காரர் கேமோட கடைசிக் காட்சி.”

“இல்லடி, அது வந்து…”

“போன வருஷம் வந்த கேம். கண்ணாடின்னு ஒரு அக்கா சொல்லி நான் ஆடினேன்.” குரல் மெல்ல மெல்ல இறுகியது. “நான் கேம் தேடறேன்னு உன்கிட்ட நான் சொல்லவே இல்ல. நீதானா அது?”

“உன் பேச்சைக் கேக்கணும்னுதான் பாப்பா… உன்கிட்ட ரெண்டு வார்த்தை…”

“எழுத்து பொடியா பெருசான்னு கேட்ட. எல்லாம் தெரிஞ்சுகிட்டே கேட்ட. அஞ்சு மாசம் நான் தெருத்தெருவா அலையறதைப் பார்த்துக்கிட்டே இருந்த.”

“அடியே, பயந்துட்டேன்டி!”

“உள்ள என்ன இருந்துச்சு? இப்பவாவது நிஜத்தைச் சொல்லு.”

“நான் பாக்கல” என்றாள் தாய். “கூப்பிட்டாரு. நான் பாக்கல.”

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். “சரி, வெச்சிடறேன்” என்று ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சொல்லி வைத்துவிட்டாள்.

கடையில் யாரோ அவசரக் கண்ணாடிக்காகக் காத்திருந்தார்கள். முதலாளி கதவைத் தட்டினார். அவள் லென்ஸைப் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தபோது குழுவில் புதிய செய்தி இருந்தது. “அந்த கேமை இனி யாரும் தேட வேண்டாம். எல்லாருக்கும் நன்றி.”

“கிடைச்சிடுச்சா! சொன்னேன்ல!” என்று துள்ளியிருந்தார் பத்துச்சக்கரம். “எப்படிம்மா இருந்துச்சு? ஆடலாமா?” அதற்குக் கீழே வேறு யாரோ, மழைக்காலத்தில் ஆட நல்ல பழைய கேம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

கண்ணாடிக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. அவள் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

“கண்ணாடி அக்கா, நீங்க சொன்ன எந்த கேமும் எனக்கு வீண் போகல. தனியா இருந்த நாள்ல எல்லாம் உங்ககிட்ட பேசினது பெரிய ஆறுதலா இருந்துச்சு. ஒரே ஒரு உதவி. எங்கம்மாவை உங்களுக்குத் தெரியும். இனிமே ஞாயித்துக்கிழமை போன் வராதுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

பதில் எழுத அவள் விரலை வைத்தாள். பாப்பா என்று தொடங்கி அழித்தாள். தங்கச்சி என்று தொடங்கினாள். அனுப்பவில்லை; அதற்குள் திரையில் ஒரு வரி விழுந்தது. அரைத்தூக்கம் குழுவிலிருந்து வெளியேறினார்.